விரலை எடுத்த பிறகு

டபிள்யூ கீயை அழுத்தினால் வண்டி முன்னே போக வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே செய்து பார்க்க ஆசைப்படும் காரியம் இது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, எல்298என் டிரைவர் போர்டு ஒன்று, ஒரு ஆர்டுயினோ, லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள். சாமான் இவ்வளவுதான். அழுத்தினால் ஓடுவது ஒரு மாலைக்குள் வந்துவிடும். விட்டால் நிற்பதற்குத்தான் பல மாலைகள் ஆகும்.

"சார், கையை எடுத்துட்டேன், நிக்க மாட்டேங்குது சார்." வருடம் தவறாமல் யாராவது ஒரு பிள்ளை இப்படி வந்து நிற்கும். அந்தத் திகைப்பு நியாயமானது. கையை எடுத்தால், 'போதும்' என்று அர்த்தம்; இதைவிடத் தெளிவாக ஒரு உடம்பு என்ன சொல்ல முடியும்? அந்த அர்த்தம் விரல் நுனியிலிருந்து மோட்டார் வரை போகும் வழியில் எங்கே தொலைகிறது என்பதைத்தான் இந்த நோட்டில் அவ்வப்போது எழுதி வருகிறேன்.

*

வழியின் தொடக்கத்தில் குறை இல்லை. விரல் எடுத்தது கீபோர்டுக்கு நன்றாகத் தெரியும்.

செர்ரி எம்எக்ஸ் வகை சுவிட்சில் கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே உள்ளே உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். தொட்டதும் ஒட்டிக்கொள்வதில்லை, துள்ளித் துள்ளித் தொடும். உள்ளிருக்கும் சிறிய சிப் அந்தத் துள்ளல் அடங்க சில மில்லிசெகண்ட் பொறுத்திருந்துவிட்டுத்தான் அழுத்தம் உண்மை என்று ஏற்கிறது. கீ மேலே வரும்போதும் அதே பொறுமை.

பழைய பிஎஸ்/2 கீபோர்டில் டபிள்யூவை அழுத்தினால் 1டி என்ற குறியீடு கிளம்பும். விட்டால் எஃப்0, அதைத் தொடர்ந்து மறுபடி 1டி. அழுத்தியதற்கு ஒரு சொல், விட்டதற்குத் தனியே ஒரு சொல். யூஎஸ்பி கீபோர்டின் வழக்கம் வேறு. அது 8 பைட்டில், இந்தக் கணத்தில் எந்தெந்த கீ அழுந்தியிருக்கிறது என்ற பட்டியலை அனுப்புகிறது. விட்ட கீ அடுத்த பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். பிஎஸ்/2 சொல்லிக்கொண்டு போகிறது. யூஎஸ்பி சொல்லாமல் கொள்ளாமல் போகிறது.

வெகு நாள் எனக்குப் பழைய முறைதான் பிடித்திருந்தது. இப்போது அப்படி இல்லை. எஃப்0 வழியில் தவறிப்போனால் போனதுதான். அந்த கீ அழுந்தியே இருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருக்கும். பட்டியல் ஒன்று தவறினாலோ, அடுத்த பட்டியல் முழு நிலவரத்தையும் சொல்லிவிடும்.

*

அர்த்தம் தொலையும் இடம் டெர்மினல், அதாவது லேப்டாப்பில் கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரை.

அதன் முன்னோர் தொலைவிலிருந்து எழுத்தச்சு அடித்த இயந்திரங்கள். 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 அவற்றில் பேர்பெற்ற ஒன்று. எழுத்து அச்சாக வேண்டும் என்பதே அங்கே ஒரே தேவை. அடித்தவர் விரலை எப்போது எடுத்தார் என்று தாளில் எழுதி என்ன பயன்? அந்தத் தாள் போய்த் திரை வந்தது. திரைக்குள் ஜன்னல் வந்தது. எழுத்து மட்டும் போதும் என்ற பழக்கம் மாறவே இல்லை. விடுதல் என்ற ஒன்று அங்கே வழக்கமாகச் சொல்லப்படுவதே இல்லை.

ஆகவே, கீயை அழுத்திப் பிடித்திருக்கும்போது டெர்மினல் வழியாக ஆர்டுயினோவுக்குப் போவது இதுதான்: ஒரு 'டபிள்யூ'. பிறகு அரை நொடி ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் வரிசையாக டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ. பழைய பிஎஸ்/2 கீபோர்டை எந்த மாற்றமும் செய்யாமல் வைத்தால், அந்த இடைவெளி 500 மில்லிசெகண்ட். பிறகு நொடிக்கு 10.9 எழுத்து. ஒரே எழுத்து தவறிப்போய் இரண்டு தடவை விழாமலிருக்கத்தான் அந்த அரை நொடி. தட்டச்சு செய்கிறவருக்கு அது நல்ல ஏற்பாடு.

விரலை எடுத்தால் என்ன போகிறது? ஒன்றும் போவதில்லை. வந்துகொண்டிருந்தது வராமல் நிற்கிறது. மோட்டார் அந்த மௌனத்திலிருந்துதான் நிற்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டும். எவ்வளவு நேர மௌனம் விட்டதற்கு அடையாளம், எவ்வளவு நேர மௌனம் வெறும் இடைவெளி?

*

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் தெரிகிறது.

சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மோட்டார் நிமிடத்துக்கு 150 சுற்று சுற்றினால், வண்டி நொடிக்கு 51 சென்டிமீட்டர் போகும்.

200 மில்லிசெகண்ட் எழுத்து வராவிட்டால் நில் என்று கோட் எழுதினால், கீயை அழுத்தியதும் வண்டி கிளம்பும், 200-ல் நிற்கும், 500-ல் மறுபடி கிளம்பும். விரல் அசையாமலே இருக்க, வண்டி ஒரு விக்கல் விக்கிவிட்டுப் போகும். விக்கல் வேண்டாம் என்று 600 ஆக்கினால், கையை எடுத்த பிறகு 30 சென்டிமீட்டர் ஓடும். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றின் முழு நீளம். மேஜை விளிம்பு அதற்கு முன்பே வந்துவிடும்.

நடுவழி ஒன்று உண்டு. முதல் எழுத்துக்கு மட்டும் 550, இரண்டாவது எழுத்து வந்தபின் 150. ஓட்டம் சீராகிறது, நிற்பதும் சுருக்காகிறது. ஆனால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் ஒரு விரற்கடை நகர வேண்டும் என்று நினைத்தவருக்கு 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இந்த வழியில் போகிற பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. அது எங்கே இடிக்கிறது என்று அவர்களே மேஜை மேல் பார்ப்பது நல்லது.

*

லினக்ஸில் டெர்மினலைத் தாண்டிக் கீழே இறங்கி, கீபோர்டின் நிகழ்வுகளையே நேராகப் படிக்க முடியும். அங்கே ஒவ்வொரு கீக்கும் மூன்றே மதிப்பு. அழுத்தினால் 1. பிடித்திருந்தால் 2. விட்டால் 0. டபிள்யூவை நிதானமாக அழுத்தி, பிடித்து, விட்டுப் பார்த்தால் திரையில் 1, 2, 2, 2, 2, 0 என்று வரிசை ஓடும். ஒரு விரலின் முழுக் கதையும் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதை முதல் தடவை காட்டும்போது அவர்கள் கடைசி பூஜ்யத்தைத்தான் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பார்கள்.

ஜன்னல் மட்டத்தில் வேறு சங்கடங்கள். லினக்ஸின் பழைய எக்ஸ் ஜன்னல் அமைப்பு, கீயைப் பிடித்திருக்கும்போது விட்டதாக ஒரு செய்தியும் உடனே அழுத்தியதாக ஒரு செய்தியும் மாறி மாறி அனுப்பும். விரல் எழவே இல்லை. ஆனாலும் விட்ட செய்தி வரும். அதை அப்படியே நம்பும் மோட்டார் உதறி உதறி ஓடும். விட்ட செய்தி வந்ததும் ஒரு கணம் பொறுத்து, பின்னாலேயே அழுத்திய செய்தி வருகிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கச் சங்கடம் இன்னும் கெட்டது. கீயைப் பிடித்திருக்கும்போதே வேறு ஜன்னல் முன்னால் வந்துவிட்டால், விட்ட செய்தி அந்த ஜன்னலுக்குப் போய்விடும். வண்டியை ஓட்டும் ப்ரோகிராமுக்குக் கடைசியாகத் தெரிந்தது அழுத்தியது மட்டும். பேட்டரி தீரும் வரை ஓடும்.

*

பிடித்தால் ஓடு, விட்டால் நில் என்பது கம்ப்யூட்டரோடு வந்ததல்ல.

மிக்ஸியின் திருகை வலது பக்கம் 1, 2, 3 என்று திருப்பினால் அங்கேயே நிற்கும். இடது பக்கம் திருப்பினால் கை பிடித்திருக்கும் வரைதான் ஓடும். விட்டால் ஸ்பிரிங் திருகைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மிளகை ஒன்றிரண்டாகப் பொடிக்க அந்தப் பக்கம்தான். அரை நொடி, நிறுத்தம், இன்னொரு அரை நொடி. ஜார் எழுப்பும் சத்தம் கரகரப்பிலிருந்து மெதுவாக மாறும்போது கை தானாக விடுகிறது. அங்கே காதுக்கும் விரலுக்கும் நடுவில் எந்த மௌனமும் இல்லை, எந்த ஊகமும் இல்லை. அழுந்திய தொடுப்பு வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரமே போகிறது.

சிவகாசி ஆப்செட் மெஷின்களில் பிளேட் மாட்டும்போதும் பிளாங்கெட் துடைக்கும்போதும் சிலிண்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்ட இஞ்ச் பட்டன் இருக்கும். அங்கே கை, சிலிண்டருக்கு ஒரு சாண் தூரத்தில் வேலை செய்கிறது. விட்டபின் இரண்டு சுற்று ஓடுகிற மெஷினில் யாரும் அப்படிக் கை வைக்க மாட்டார்கள்.

*

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் இதற்கு நேர் எதிர். இதை எழுதாமல் இந்த நோட்டு முழுமையாகாது என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

பச்சை பட்டனை அழுத்தினால் காயிலுக்குக் கரண்ட் போகிறது. காயில் காண்டாக்டரை இழுத்துக்கொள்கிறது. மூன்று ஃபேஸும் மோட்டாருக்குச் சேர்கிறது. அதே இழுப்பில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சின்னத் தொடுப்பும் சேர்கிறது. அது பச்சை பட்டனுக்கு இணையாகக் கட்டப்பட்டது. ஆகவே விரலை எடுத்தாலும் அதன் வழியாகக் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. காண்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரீஷியன்கள் இதை ஹோல்டிங் என்பார்கள். அந்த ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால், அதே ஸ்டார்ட்டர், அதே மோட்டார், பச்சை பட்டனைப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும். இரண்டு குணத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் ஒயர்.

வயலுக்குத் தண்ணீர் பாய மணிக்கணக்கு ஆகும். அதுவரை யாரும் பட்டனில் விரல் வைத்திருக்க முடியாது. எனவே அங்கே ஒரு தடவை சொன்ன சொல்லை இயந்திரம் நினைவில் வைத்திருப்பது சரி. அந்த நினைவுக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் தானாக எடுக்காது. யாராவது வந்து மறுபடி பச்சையை அழுத்த வேண்டும். கிணற்றடியில் குனிந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருப்பவர் பிழைப்பது இதனால்தான். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும் ஊர்களில், டார்ச் விளக்கோடு கிணற்றுக்கு நடந்து அலுத்தவர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுக்கொண்டார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே எடுக்கும். இருட்டில் பாம்பும் தேளும் திரியும் வரப்பில் நடக்கிறவரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு மோட்டார் தன் விருப்பத்தில் கிளம்புவதை என்னால் முழு மனதோடு ஏற்க முடிந்ததில்லை.

*

ஒரு கீயை அழுத்தி, பிடித்தபடியே கவனித்துக்கொண்டிருப்பது தனி அனுபவம். செர்ரியின் சிவப்பு வகை சுவிட்ச் இறங்க 45 கிராம் அளவு விசை போதும். முதல் நொடியில் அது ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம் போனால் முதல் கணுவில் ஓர் இறுக்கம். இன்னும் கொஞ்சம் போனால் மணிக்கட்டு கேட்கத் தொடங்கும். பிடித்திருப்பது ஒரு தடவை செய்து முடித்த காரியம் அல்ல, ஒவ்வொரு கணமும் செய்யப்படுவது. தொடர்ந்து விரும்பினால்தான் தொடர்ந்து அழுந்தியிருக்கும். விரலுக்கு ஆகும் அந்தச் சிறு செலவுக்காகத்தான் இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

*

புறநகர் மின்ரயிலில் மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். டெட்மேன் ஹேண்டில் என்பது அதன் பெயர். கை தளர்ந்தால் கைப்பிடி எழும்பும், மின்சாரம் அறும், பிரேக் பிடிக்கும். ஓட்டுகிறவர் மயங்கினால் உடம்பு எதைச் செய்யுமோ, அதுவே நிற்பதற்கான கட்டளையாக இருக்கட்டும் என்று யோசித்தவர்கள் மனிதரை நன்றாகக் கவனித்தவர்கள்.

ஆனால் உடம்பு எப்போதும் விட்டுவிடுவதில்லை. 2003 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே வாட்டர்ஃபால் அருகில் ஒரு ரயிலை ஓட்டியவருக்கு மாரடைப்பு வந்தது. அந்த ரயிலில் காலால் மிதிக்கும் டெட்மேன் பெடல் இருந்தது. உயிர் போன பிறகும் அவருடைய கால்களின் எடை பெடலை அழுத்தியே வைத்திருந்தது. 60 கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதித்த வளைவில் ரயில் மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பிடித்திருக்கிறது என்பதையும் விரும்பிப் பிடித்திருக்கிறார் என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்ட இடத்தில் நடந்தது அது.

தொழிற்சாலை ரோபோக்களைப் பழக்கக் கையில் பிடிக்கும் பெட்டியில் மூன்று நிலைப் பட்டன் ஒன்று உண்டு. தொடாமல் இருந்தால் ரோபோ அசையாது. நடுவளவுக்கு அழுத்தினால் அசையும். அதற்கும் மேலே இறுக்கி அழுத்தினால் மறுபடி நிற்கும். திடுக்கிடும்போது சிலர் கையை உதறி விட்டுவிடுவார்கள். சிலர் இறுகப் பற்றிக்கொள்வார்கள். இரண்டு பயத்துக்கும் ஒரே பதில் தருகிறது அந்தப் பட்டன். நான் பார்த்த சுவிட்சுகளில் மனித இயல்பை இவ்வளவு பரிவோடு எண்ணிச் செய்தது வேறொன்று இல்லை.

*

விட்ட செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும் மோட்டார் உடனே நிற்பதில்லை. சுற்றிக்கொண்டிருப்பது கொஞ்சம் சுற்றத்தான் செய்யும்.

டிரைவர் போர்டில் இருக்கும் எல்298 சிப்பில் நிற்பதற்கு இரண்டு வழி. எனேபிள் பின்னைத் தாழ்த்தினால் மோட்டார் தன் போக்கில் ஓடி ஓய்கிறது. எனேபிளை உயர்த்தியே வைத்து, இரண்டு இன்புட்டையும் ஒன்றாக்கினால் மோட்டாரின் இரு முனைகளும் சேர்க்கப்பட்டு அது வெடுக்கென நிற்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விரலில் உணர்த்துவது எளிது. எதிலும் இணைக்காத பிஓ மோட்டாரின் அச்சைக் கையால் திருகச் சொல்வேன். பல்சக்கரங்களின் முணுமுணுப்போடு திரும்பும். பிறகு அதன் இரண்டு ஒயர் நுனிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டுத் திருகச் சொல்வேன். பேட்டரி இல்லை, சிப் இல்லை. ஆனாலும் அச்சு இறுகியிருக்கும். சுற்றும் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்குகிறது. முனைகள் சேர்ந்திருந்தால் அந்த மின்சாரம் அதன் சுழற்சியையே எதிர்க்கிறது.

*

தூரம் கூடினால் விரல் உதவாது. 1970-ல் சோவியத் நாட்டின் லூனகோத்-1 நிலாவில் ஓடியபோது ஐந்து பேர் கொண்ட குழு பூமியிலிருந்து அதை ஓட்டியது. சிக்னல் போக ஒன்றேகால் நொடி, படம் வர இன்னொரு ஒன்றேகால் நொடி. பார்த்து விடுவதற்குள் வண்டி பார்த்த இடத்தைத் தாண்டியிருக்கும். 2023 ஆகஸ்ட் 27 அன்று நிலாவில் இந்தியாவின் பிரக்யான் வண்டி தனக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டது. வந்த வழியே திரும்பும்படி கட்டளை போயிற்று. அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் வண்டி. யோசிக்க நேரம் இருந்தது.

*

இப்போது பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் முறை இது. லேப்டாப் அழுத்தியதையும் விட்டதையும் தனித்தனிச் செய்தியாக அனுப்ப வேண்டாம். நொடிக்கு இருபது தடவை, இந்தக் கணத்தில் எந்த கீ அழுந்தியிருக்கிறது என்ற நிலவரத்தையே அனுப்பட்டும். ஒன்றிரண்டு தவறினாலும் அடுத்தது திருத்திவிடும். வண்டிக்குள் தனிக் கடிகாரம் இருக்கட்டும். 300 மில்லிசெகண்ட் எந்தச் செய்தியும் வராவிட்டால், யாரையும் கேட்காமல் வண்டி தானே நிற்கட்டும். ரோபோக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ராஸ் மென்பொருளில் இரு சக்கர வண்டிக்கான கன்ட்ரோலரும் இதையே செய்கிறது. அதில் இயல்பாக வைத்திருப்பது அரை நொடி.

ஆர்டுயினோவின் ப்ரோகிராமே உறைந்துபோனால்? சிப்புக்குள் வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் ப்ரோகிராம் அதைத் தொடாவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். ரீசெட் ஆகும் கணத்தில் எல்லா பின்களும் எதையும் சொல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்துக்காக எனேபிள் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஐம்பது காசு பெறாத சாமான். பல கிட்டுகளில் இருப்பதில்லை; வாங்கி வைத்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. கேபிளை எடுத்துவிட்டு எச்.சி-05 புளூடூத் போர்டை மாட்டி, வண்டியைத் தரையில் விட்டு, டபிள்யூவைப் பிடித்தபடியே லேப்டாப்பின் புளூடூத்தை அணைக்க வேண்டும். அணைத்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு; நின்ற இடத்தில் இன்னொரு கோடு. 300 மில்லிசெகண்டுக்கு 15 சென்டிமீட்டர் கணக்கு. மேற்கொண்டு வருவது மோட்டார் ஓய எடுத்துக்கொண்டது.

"சார், இருபத்திரண்டு வருது."

"எனேபிளை இறக்கிட்டு விட்டிருக்கியா, ரெண்டு இன்புட்டையும் சேர்த்திருக்கியா?"

"இறக்கித்தான் விட்டிருக்கேன் சார்."

"சேர்த்துட்டு மறுபடி அள."